இளஞ்சிறார்

அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு அடங்காத ஓட்டுநர் கிடையாது. மூன்று முறை அறிவித்த பிறகுதான் எந்த வண்டியும் நகர வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பவளை ஊர் முழுக்க மைக்கக்கா என்று கூப்பிட்டார்கள். சொந்தத் தங்கையே சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மைக்கக்காவின் வாயில் பஸ் என்ற சொல் வராது. பேருந்துதான். பிளாட்பாரம் கிடையாது, நடைமேடை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைக்கூட ‘பயணச்சீட்டுப் பெறாத அன்பர்’ என்றுதான் கீழே இறங்கச் சொல்வாள். அவனும் ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து இறங்கிப் போவான். வீட்டில் எல்லாரையும் போல் பேசினாலும், இந்தச் சொற்களை மட்டும் அவள் வாசலில் செருப்போடு கழற்றி வைப்பதில்லை.

வீட்டில் மூன்று பேர். அவள், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் தங்கை, தங்கையின் மகன். தங்கையின் புருஷன் வெளியூருக்கு வேலை தேடிப் போய், வேலையோடு சேர்த்து வேறொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டவன். மகன் டயர் கடையில் காற்றடிக்கிறான். அதனால் ஊருக்கு அவன் பம்பு. வயது பதினேழு. மீசை வந்துவிட்டது, அறிவு வந்ததா என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்பதே, மருந்துக்கடைக்காரரின் கார் தொலைந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. தலைநகரிலிருந்து அங்கே வந்து சேர ஒரு முழுப் பகல் ஆகும். சுரங்கம் மூடியதிலிருந்து பெரியவர்களுக்கே வேலை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு என்ன இருக்கும்? முதலில் கடைப் பூட்டுகள் உடைந்தன. பிறகு வாசலில் நிறுத்திய வண்டிகள் காலையில் வேறு வாசலில் நின்றன. கடைசியில் நாலைந்து பையன்கள் மருந்துக்கடைக்காரரின் காரைக் கிளப்பிக்கொண்டு போய், பெட்ரோல் தீரும்வரை மைதானத்தைச் சுற்றினார்கள். சுற்றியதோடு விட்டார்களா? அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அது தலைநகரத் தொலைக்காட்சிவரை போய்விட்டது.

பெட்ரோல் தீர்ந்து நின்ற காரைத் தள்ள அவர்கள் கூப்பிட்டது பம்புவை. யாருடைய கார் என்று கேட்காமல் தள்ளினான். வழியில் நிற்கிற எந்த வண்டியையும் தள்ளிப் பழகிய கை அது. கையும் களவுமாகப் பிடிபட்டவனும் அவன் ஒருவன்தான், மற்றவர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டு ஓடிவிட்டார்கள். முதல் முறை என்பதால் எச்சரித்து விட்டார்கள். அடுத்த முறை சிக்கினால் பதினெட்டு முடியும்வரை தலைநகரில் உள்ள சீர்திருத்த இல்லம் என்று சொல்லித்தான் விட்டார்கள். அன்று தங்கை அவனை அடித்த அடியில் விளக்குமாறு இரண்டாகிவிட்டது.

பிறகு அமைச்சர் வந்தார். ஒரு முற்பகல் முழுக்க ஊரில் இருந்தார். இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம் என்று பேசிவிட்டு, புழுதிக்காற்று கிளம்புவதற்குள் தானும் கிளம்பிவிட்டார். அவர் போன பின்னால் போலீஸ் வேன்கள் வந்தன. ஒரு சிறப்பு அதிகாரி வந்தார். வாரத்துக்கு ஒரு நாள் நீதிபதி வருவார் என்றார்கள். இத்தனை பேரும் உட்கார மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இளைஞர் மன்றம். இளைஞர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வந்த அரசாங்கம், முதல் வேலையாக அவர்களை மன்றத்திலிருந்து தெருவுக்கு அனுப்பியது. இதில் இருந்த வேடிக்கை யாருக்கும் உறைக்கவில்லை, அல்லது உறைத்தும் சொல்வதற்கு ஆள் இல்லை.

டேபிள் டென்னிஸ் மேசைதான் சிறப்பு அதிகாரியின் மேசையானது. வலையைக் கழற்றப் பார்த்தார்கள். திருகு துருப்பிடித்துப்போய் அசையவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் வந்த காகிதங்களும் அந்தப் பக்கம் முடிந்த காகிதங்களுமாக அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. ஊர்ப் புழுதி ஒத்துக்கொள்ளாமல் வந்த நாளிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். ஊர் அவருக்குத் தும்மல் என்று பெயர் வைத்துவிட்டது.

மைக்கக்காவை அவர் கூப்பிட்டு அனுப்பியது ஒரு காலைவேளையில்.

“அன்னிக்கு ஒரு பேருந்து அறிவிப்பு கேட்டேம்மா. இந்த ஊர்ல இப்படி ஒரு தமிழா! ஊரடங்கு அறிவிப்பை நீங்களே படிச்சுடுங்க. நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். சரியா வரலைன்னா மாத்திக்கோங்க.”

அவர் பேருந்து என்று சொன்னதிலேயே அவள் பாதி உருகிவிட்டாள். காகிதத்தை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்தாள். ‘பதினெட்டு வயது முடியாத பையன்கள், பெண்கள் யாரும் தெருவிளக்கு எரிந்த பிறகு வெளியே வரக் கூடாது’ என்று இருந்தது.

“விஷயம் சரிதாங்க. ஆனா இது என்னமோ அம்மா கரண்டியைத் தூக்கிக்கிட்டுத் திட்டுற மாதிரி இருக்கே.”

“வேற எப்படிச் சொல்லலாம்?”

“பதினெட்டு முடியாதவங்களை எல்லாம் ஒரே சொல்லுல அடக்கிடலாம். இளஞ்சிறார்.”

அதிகாரி ஒரு தும்மலைப் பாதியில் நிறுத்தினார். “சட்டத்துலயும் அதே சொல்தான். பிரமாதம்மா, அப்படியே படிச்சுடுங்க.”

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேருந்துக்கும் நடைமேடைக்கும் அப்பால் ஒரு நல்ல சொல்லைச் சொல்ல இத்தனை வருஷம் காத்திருந்தவள் அவள். அங்கேயே மன்றத்து மூலையில் உட்கார்ந்து, குரலைச் சரிசெய்துகொண்டு பதிவுசெய்து கொடுத்தாள். ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இளஞ்சிறார்கள் எவரும் விளக்கேற்றும் வேளைக்குப் பின் வீதிகளில் உலவுதல் ஆகாது. மீறுவோர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஒரு வேன் அதை நாள் முழுக்கத் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனது. ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

நன்றாக இருந்ததே தவிர, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளக்கம் கேட்க எல்லாரும் போனது நிலையத்து வாசலில் இருந்த டீக்கடைக்காரரிடம். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாழ்நாளில் சொன்னவர் இல்லை.

“இளந்தளிர்னா என்ன? நேத்து வெடிச்ச இலை. அப்போ இளஞ்சிறார்னா? நேத்துப் பொறந்த புள்ள. கைக்குழந்தைய இருட்டின பிறகு வெளிய தூக்கிட்டு வரக் கூடாதுங்கறாங்க. வெளியூர்ல ஏதோ காய்ச்சல் பரவுதாம்ல.”

“அதுக்கு எதுக்குங்க போலீசு?”

“சொன்னா கேக்குற ஜனமா இது? அதான் போலீசு.”

காய்ச்சல் என்றதும் விஷயம் காற்றைவிட வேகமாகப் பரவியது. அன்று மாலை வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும், கைக்குழந்தைக்காரிகள் அத்தனை பேரும் குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு ஒரு தகப்பன் குழந்தையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓட, அவர் அது ஏதோ கடையில் திருடிய பொருள் என்று துரத்திப் பிடித்து, சட்டையைத் திறந்து பார்த்து, அது தன்னைப் பார்த்துச் சிரித்ததும் திகைத்துப்போய் நின்றார். யாருக்காக அரசாங்கம் அத்தனை தூரம் வந்ததோ அவர்கள் வழக்கம்போல நிலையத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்கள். “டேய், உன் தங்கச்சிப் பாப்பாவ உள்ள தூக்கிட்டுப் போகச் சொல்லுடா, புடிச்சுடப் போறாங்க” என்று ஒருவன் இன்னொருவனுக்கு அக்கறையாகப் புத்தி சொன்னான்.

மைக்கக்கா நிலையத்து அறிவிப்புக் கூண்டுக்குள் வேறொரு கவலையில் இருந்தாள். விளக்கு எரியும் நேரத்துக்கு அதே அறிவிப்பை நிலையத்திலிருந்து நேரடியாகவும் படிக்க வேண்டும். அடங்க வேண்டிய தெருக்களின் பெயர்களையும் சேர்த்து அதிகாரி பொடி எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். கண்ணாடியைக் காணோம். மத்தியானம் தலைவலி என்று வீட்டில் கழற்றி வைத்தவள், அதை மறந்து தங்கையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்பதே அவளுக்குத் தெரியாது.

போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள்.

“டேய் பம்பு, மூக்குக்கண்ணாடியை மேசை மேல விட்டுட்டு வந்துட்டேன்டா. மிதிவண்டியை எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டமா வா.”

மறுமுனையில் அவன் கொஞ்சம் தயங்கினான். “இப்பவா பெரியம்மா?”

“பின்னே நாளைக்கா? விளக்கு எரியப் போகுது, நான் அறிவிப்புப் படிக்கணும். வாடான்னா!”

“சரி, வரேன்.”

தெருவிளக்குகள் எரிந்தன. அவள் கண்ணுக்கு அவை மஞ்சள் பஞ்சு மாதிரி தெரிந்தன. கண்ணாடி வரவில்லை. கூண்டின் ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில் ஒரு சைக்கிள் போல ஏதோ வந்தது. அதைச் சுற்றிக் காக்கி நிறங்கள் சேர்ந்தன. சைக்கிள் சாய்ந்தது. சுவரில் இருந்த பையன்கள் சிதறி ஓடுவது நிழலாகத் தெரிந்தது. யாரோ பெற்ற பிள்ளை, வீட்டில் இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் ஆகிவிட்டதே! தெருப் பெயர்களை விட்டுவிட்டு மீதியை மனப்பாடமாகச் சொன்னாள். ‘இளஞ்சிறார்கள் எவரும்’ என்ற இடத்தில் குரல் வழக்கம்போல் அழகாக ஏறி இறங்கியது.

முடித்தபோது ஒரு போலீஸ்காரர் கூண்டுக் கதவைத் தட்டினார்.

“இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாம்மா, அந்தப் பையன்.”

அவள் கண்ணாடியை வாங்கி மாட்டினாள். வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. டயர் கடை வாசலில் பம்பு எப்போதும் சாத்தி வைத்திருக்கும் சைக்கிள், சாலை நடுவில் கிடந்தது.

நீதிபதி வரும்வரை, பிடிபட்ட ஆறேழு பிள்ளைகளையும் மன்றத்தின் பின்னறையில் வைத்திருந்தார்கள். கேரம் பலகைகளை அடுக்கியிருந்த அறை அது. தங்கை வேலைக்குப் போகவில்லை, சமைக்கவில்லை. கத்தியிருந்தால்கூட மைக்கக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“உன் வேலைக்குத்தானேக்கா வந்தான்” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். “காலையிலேர்ந்து உன் குரல்தான் தெருவெல்லாம் கத்திக்கிட்டிருந்துச்சு. சாயங்காலம் நீயே கூப்பிட்டா அவன் என்ன பண்ணுவான்?”

அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் மைக்கக்காவின் மனசில் நின்றது சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள். தன் வீட்டுப் பையன் அதில் சேர்த்தி என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றியதில்லை. டீக்கடைக்காரராவது அர்த்தம் தெரியாமல் தப்பாகச் சொன்னார். அவள் அர்த்தம் தெரிந்தே மறந்திருந்தாள்.

வழி சொன்னது தும்மல் அதிகாரிதான். யாரும் இல்லாத நேரத்தில், வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“உத்தரவை ஜனங்களுக்குப் புரியிற மாதிரி அறிவிக்கணும்னு இருக்கும்மா. புரியலைன்னு எல்லாரும் சொன்னா அன்னிக்குப் பிடிச்சது நிக்காது. நீங்களும் அதை ஒத்துக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.”

“இருக்கட்டுங்க. இதைவிடவா?”

விசாரணை அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. ஊர்த் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி டேபிள் டென்னிஸ் வலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி பெண். வரிசையில் பம்புவுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: அறிவிப்பைக் கேட்டோம், எங்களுக்கு என்று புரியவில்லை. டீக்கடைக்காரர் சாட்சிக்கு வந்து இளந்தளிர் விளக்கத்தை மறுபடியும் சொன்னார். குழந்தையைச் சட்டைக்குள் ஒளித்த தகப்பன் குழந்தையோடு வந்து நின்றான். நீதிபதி மைக்கக்காவைப் பார்த்தார்.

“அதைச் சொல்லிக் காட்டுங்கம்மா.”

சொன்னாள். அப்போதும் அந்தக் குரல் அழகாகத்தான் வந்தது. அவளால் அதை மாற்ற முடியவில்லை.

“எழுதினது யாரு?”

“நான்தாங்க. ஐயா சாதாரணமாத்தான் எழுதிக் குடுத்தாரு. நான்தான் மாத்தினேன். யாருக்கும் புரியலை. தப்பு என்னுதுதான்.”

“ஒரு ஊருக்கே புரியாம பேசறதுக்கு ஒரு ஆளு, ஒரு மைக்கு!” என்றார் நீதிபதி. கூட்டம் சிரித்தது. குழந்தைக்காரன் சிரித்தான், டீக்கடைக்காரர் சிரித்தார், இத்தனை வருஷம் அவள் குரலுக்குக் காத்திருந்து வண்டி எடுத்த ஓட்டுநர்களும் பின்னால் நின்று சிரித்தார்கள். ஊர்த் தலைவர் எழுந்தார். “ஆளை மாத்திடலாங்க. இப்போ எல்லா ஊர்லயும் மெஷின் குரல் வந்துடுச்சு. ஒரு தடவை வாங்கிட்டா போதும்.” மறுபடியும் சிரிப்பு.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும் என்று இருந்தது.

“எனக்குப் புரிஞ்சுதுங்க.”

சுவரோரத்திலிருந்து வந்தது பம்புவின் குரல். சிரிப்பு அடங்கியது. தங்கை “டேய்” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“என்ன புரிஞ்சுது?” என்றார் நீதிபதி.

“இளஞ்சிறார்னா பதினெட்டு முடியாதவங்க. பெரியம்மா சொன்ன தமிழ்ல ஒண்ணும் தப்பில்லை. சின்ன வயசுலேர்ந்து அதைக் கேட்டுத்தாங்க வளர்ந்தேன். இவங்களுக்குப் புரியலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?”

“உனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?”

“தெரியுங்க. அவங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கறாங்க.”

“புரிஞ்சும் எதுக்கு வெளிய வந்தே?”

அதற்கு மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. மைக்கக்கா எழுந்தாள்.

“நான்தாங்க கூப்பிட்டேன். கண்ணாடி எடுத்துட்டு வரச் சொல்லி.”

“அவ்வளவு அவசரமா எதுக்குக் கண்ணாடி?”

“அறிவிப்புப் படிக்க.”

“எந்த அறிவிப்பு?”

“இளஞ்சிறார்கள் வெளியே வரக் கூடாதுங்கற அறிவிப்பு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரிகூடத் தும்மவில்லை. நீதிபதி உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். மருந்து வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக என்ற இரண்டைத் தவிர விலக்கு எதுவும் அதில் இல்லை. மறுபடியும் பார்த்தார், அப்போதும் இல்லை. புரியாதவர்களை எச்சரித்து விட்டார். புரிந்தது என்று சொன்னவனைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார். சட்டப்படி அது சரியாகவே இருந்தது.

வெளியே வந்ததும் தங்கை அவன் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே கையால் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “வாய மூடிட்டு இருந்திருக்கலாமேடா” என்று பெரியம்மா கேட்டதற்கு, “மெஷின வெச்சுடுவாங்கன்னு பயமா இருந்துச்சு” என்றான்.

மறுநாள் காலை ஒரு போலீஸ்காரரோடு தலைநகர் வண்டியில் அவனை ஏற்றினார்கள். தங்கை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்கக்கா கூண்டை விட்டுப் போகவில்லை. போனால் அறிவிக்க ஆள் இல்லை. மெஷின் இன்னும் வந்திருக்கவில்லை. கண்ணாடி வழியே எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. ஜன்னலோரம் அவன் தலை, அவசரத்தில் வெட்டிய முடி, கழுத்தில் டயர் கடைக் கறை. நேற்று வரை அவள் கண்ணுக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தவன் இன்று பச்சைப் பிள்ளையாகத் தெரிந்தான்.

முதல் அறிவிப்பைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். ஓட்டுநர் கூண்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவதை அவள் சொல்லாமலேயே இருந்தால் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று நினைத்தாள். ஓட்டுநரும் அவசரப்படவில்லை. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசியில் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தலைநகர் செல்லும் பேருந்து முதலாம் நடைமேடையிலிருந்து புறப்படுகிறது. இப்பேருந்தில் இளஞ்சிறார் ஒருவர் பயணம் செய்கிறார். ஓட்டுநர் நிதானமாகச் செல்லவும்.”

வண்டி மெதுவாக நகர்ந்து வாசலைக் கடந்தது. அன்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு டீக்கடைக்கு யாரும் வரவில்லை.